பத்தாயிரம் ஆண்டுக் கணக்கு

2019ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் ‘நேச்சர்’ ஆய்விதழில் வெளிவந்த கட்டுரை ஒன்று, கூகுள் நிறுவனத்தின் ‘சைக்கமோர்’ என்னும் குவாண்டம் சில்லு 200 விநாடிகளில் முடித்த ஒரு கணக்கை, அன்றைய உலகின் மிக வலிய மீத்திறன் கணினி செய்து முடிக்க ஏறத்தாழ 10,000 ஆண்டுகள் ஆகும் என்று அறிவித்தது. செய்தித்தாள்கள் அந்த இரு எண்களையும் அருகருகே நிறுத்தித் தலைப்பிட்டன. ஆனால் சற்று நின்று எண்ணிப் பார்ப்பவருக்கு இவ்வறிவிப்பில் ஒரு புதிர் தென்படும். 10,000 ஆண்டுகள் ஓடினால்தான் விடை கிடைக்கும் என்றால் அந்த விடையை இதுவரை எவரும் கண்டதில்லை. எவரும் கண்டிராத விடையைக் குவாண்டம் சில்லு சரியாகத்தான் தந்தது என்று எதைக் கொண்டு சொல்வது? யாரும் ஓட்டி முடிக்காத ஒரு கணக்குக்கு 10,000 ஆண்டுகள் ஆகும் என்பதை அளந்தவர் யார்? மேசையிலும் கைப்பேசியிலும் வங்கியிலும் இயங்கும் வழக்கமான கணினிகளை, அதாவது மரபுக் கணினிகளை, குவாண்டம் கணினி முந்திவிட்டது என்னும் கூற்றின் உயிர்நிலை இவ்விரு கேள்விகளில்தான் இருக்கிறது.

மரபுக் கணினியின் அடிப்படை அலகு பிட். அது எந்நேரமும் 0 அல்லது 1 என்னும் இரண்டில் ஒன்றாக மட்டுமே இருக்கும். 53 பிட்டுகள் உள்ள ஒரு பதிவகத்தின் நிலையை முழுமையாக எழுதிவைக்க 53 இலக்கங்கள் போதும். குவாண்டம் கணினியின் அலகாகிய கியூபிட்டை இப்படி எழுதிவிட முடியாது. அது 0, 1 என்னும் இரு நிலைகளும் குறிப்பிட்ட அளவுகளில் கலந்த ஒரு நிலையில் இருக்க முடியும். இதற்கு மேற்பொருந்துதல் என்று பெயர். அக்கலவையில் ஒவ்வொரு நிலைக்கும் எவ்வளவு பங்கு என்பதைக் குறிக்கும் எண்ணுக்கு வீச்சு என்று பெயர். பல கியூபிட்டுகள் ஒன்றோடொன்று வினைபுரியும்போது அவற்றின் நிலைகள் தனித்தனியே விவரிக்க முடியாதபடி பின்னிக்கொள்கின்றன. குவாண்டம் பின்னல் எனப்படும் இந்தத் தன்மையால், ஒவ்வொரு கியூபிட்டுக்கும் ஓர் எண் என்று எழுதுவது போதாமல் போய், அவை அனைத்தும் சேர்ந்து எடுக்கக்கூடிய ஒவ்வொரு 0-1 வரிசைக்கும் ஒரு வீச்சை எழுத வேண்டியிருக்கிறது. 10 கியூபிட்டுகளுக்கு 1,024 வீச்சுகள். 20 கியூபிட்டுகளுக்குப் பத்து லட்சத்துக்குச் சற்று மேல். 30 கியூபிட்டுகளுக்கு 107 கோடி. 53 கியூபிட்டுகளுக்கு ஏறத்தாழ 9,007 லட்சம் கோடி. ஒரே ஒரு கியூபிட்டைக் கூட்டினாலும் இந்தப் பட்டியல் இரு மடங்காகிவிடும். 53 கியூபிட்டுகளின் நிலையை ஒரு மரபுக் கணினியில் அப்படியே எழுதிவைக்க முயன்றால், வீச்சு ஒன்றுக்கு 8 பைட்டு என்று வைத்துக்கொண்டாலும் 70 பெட்டாபைட்டுக்கு மேல் இடம் வேண்டும். இது எந்த மீத்திறன் கணினியின் முதன்மை நினைவகத்திலும் அன்று அடங்காத அளவு.

இங்கே ஒரு தவறான விளக்கம் பரவலாக வழங்குகிறது. குவாண்டம் கணினி எல்லா விடைகளையும் ஒரே நேரத்தில் முயன்று பார்த்துச் சரியானதை எடுத்துத் தருகிறது என்று பலரும் எழுதுகின்றனர். அது உண்மையானால் உலகின் கடினமான கணக்குகள் அனைத்தும் ஒரே நாளில் தீர்ந்திருக்கும். கணக்கின் முடிவில் கியூபிட்டுகளை அளந்து பார்க்கும்போது அந்த 9,007 லட்சம் கோடி வீச்சுகளில் ஒன்றுகூடக் கண்ணுக்குத் தெரிவதில்லை. கிடைப்பது 53 இலக்கங்கள் கொண்ட ஒரே ஒரு 0-1 வரிசை. எந்த வரிசை கிடைக்கும் என்பது வாய்ப்பைப் பொறுத்தது. ஒரு வரிசை கிடைப்பதற்கான நிகழ்தகவு அதன் வீச்சின் அளவை வருக்கித்தால் வரும் எண். எல்லா விடைகளையும் சம அளவில் கலந்துவைத்து அளந்தால் ஏதோ ஒரு விடை குருட்டாம்போக்கில் வந்து விழும். அதற்குக் குவாண்டம் கணினியே தேவையில்லை.

குவாண்டம் கணினியின் வலிமை வேறோர் இடத்தில் இருக்கிறது. நிகழ்தகவு ஒருபோதும் எதிர்மமாக இருக்க முடியாது. வீச்சோ எதிர்மமாகவும் இருக்கலாம். ஒரே விடையை நோக்கிப் பல வழிகள் செல்லும்போது அவற்றின் வீச்சுகள் ஒன்றோடொன்று கூடும்; ஒரே குறி உடையவை கூடி வலுக்கும், எதிர்க்குறி உடையவை ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். குறுக்கீட்டு விளைவு எனப்படும் இதை, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாமஸ் யங் இரு துளைகளின் வழியே ஒளியைச் செலுத்தி, ஒளியும் ஒளியும் சேர்ந்து இருள் பிறப்பதைக் காட்டியபோதே அறிவியல் உலகம் கண்டது. தவறான விடைகளை நோக்கிச் செல்லும் வழிகளின் வீச்சுகள் அழிந்து, சரியான விடையின் வீச்சு வலுக்கும்படி ஒரு கணக்கை அமைப்பதுதான் குவாண்டம் நெறிமுறை ஒன்றை வகுப்பவரின் முழு வேலையும். எல்லாக் கணக்கும் இப்படி அமைய இடம் தருவதில்லை. 1994இல் பெல் ஆய்வகத்தில் இருந்த பீட்டர் ஷோர், பெரிய எண் ஒன்றின் பகாக் காரணிகளைக் காணும் கணக்கில் ஒளிந்திருக்கும் ஒரு சுழற்சி ஒழுங்கைப் பயன்படுத்தி அவ்வகையான நெறிமுறை ஒன்றைக் கண்டறிந்தார். எந்த ஒழுங்கும் இல்லாத ஒரு குவியலில் ஒன்றைத் தேடுவதற்கு 1996இல் லோவ் குரோவர் கண்ட நெறிமுறையின் ஆதாயம் மிகக் குறைவு: ஒரு கோடி உருப்படிகளுக்கு நடுவே தேட ஏறத்தாழ 2,500 படிகள். நல்ல சேமிப்புதான் என்றாலும், ஷோரின் நெறிமுறை தரும் பாய்ச்சலோடு இதை ஒப்பிட முடியாது.

குவாண்டம் கணினி என்னும் எண்ணம் தோன்றியதன் காரணத்தையும் இவ்விடத்தில் நினைவுகூர்வது தகும். 1980இல் யூரி மானினும், 1981இல் எம்.ஐ.டி. ஏற்பாடு செய்த ஒரு மாநாட்டில் ரிச்சர்ட் ஃபெயின்மனும், குவாண்டம் விதிகளின்படி இயங்கும் இயற்கையை மரபுக் கணினியில் போலச்செய்வது ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது என்று கேட்டு, அக்கடினத்தையே ஒரு கருவியாக மாற்றலாம் என்று கண்டனர். 1985இல் ஆக்ஸ்ஃபோர்டின் டேவிட் டாய்ச் அதற்கு ஒரு முறையான கணித வடிவம் தந்தார். ஆகவே மரபுக் கணினியால் எட்டமுடியாத ஒரு கணக்கு வேண்டும் என்றால் அதை வெகுதூரம் சென்று தேடவேண்டியதில்லை; பின்னிக்கிடக்கும் சில பத்துக் கியூபிட்டுகளின் நடத்தையே அப்படிப்பட்ட கணக்குதான். சைக்கமோர் எடுத்துக்கொண்டதும் அதுவே.

ஷோரின் நெறிமுறையை எடுக்காமல் ஒரு செயற்கையான கணக்கை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் பிழை. பயனுள்ள ஓர் எண்ணைப் பகுத்துக் காட்டக் கோடிக்கணக்கான படிகள் பிழையின்றி நடக்க வேண்டும். 2019இன் சில்லுகள் சில நூறு படிகளுக்குள்ளேயே தடுமாறின. அதனால் கோட்பாட்டாளர்கள் வேறு வகையான கணக்கு ஒன்றைத் தேடினர். ஒரே விடையைக் கேட்பதற்கு மாறாக, குறிப்பிட்ட ஒரு நிகழ்தகவுப் பரவலிலிருந்து மாதிரிகளை எடுத்துத் தரும்படி கேட்பது. அதுவே அவர்கள் கண்ட வழி. ஒளித்துகள்களைக் கொண்டு இதைச் செய்வதற்கான கோட்பாட்டை ஸ்காட் ஆரன்சனும் அலெக்ஸ் அர்கிபோவும் 2011இல் வகுத்தனர். மரபுக் கணினிகள் எட்டமுடியாத ஒன்றைக் குவாண்டம் கருவி செய்துகாட்டும் நிலைக்கு, ஏறத்தாழ அதே காலத்தில், ஜான் பிரெஸ்கில் குவாண்டம் மேலாதிக்கம் என்று பெயரிட்டார்.

சைக்கமோர் செய்த வேலையை அருகிலிருந்து பார்க்கலாம். கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவில் ஜான் மார்ட்டினிஸ் தலைமையில் உருவான இந்தச் சில்லில் 54 கியூபிட்டுகள் கட்டம்கட்டமாக அமைந்திருந்தன. ஒன்று இயங்காமல் போனதால் 53 பயன்பட்டன. ஒவ்வொரு கியூபிட்டும் அலுமினியத்தால் ஆன ஒரு நுண்ணிய மின்சுற்று. ஒற்றை அணுவோ எலக்ட்ரானோ அல்லாத, கோடிக்கணக்கான அணுக்கள் கொண்ட ஒரு மின்சுற்று குவாண்டம் பொருளாக நடந்துகொள்ள முடியும் என்பதே ஒரு காலத்தில் ஐயத்துக்கு உரியதாக இருந்தது. 1980களின் நடுவில் பெர்க்லியில் ஜான் கிளார்க், மிஷெல் டெவோரே, மார்ட்டினிஸ் ஆகியோர் செய்த சோதனைகள் அதை நிலைநாட்டின. 2025ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு அவற்றுக்காகவே இம்மூவருக்கும் வழங்கப்பட்டது. அலுமினியம் மின்தடையே இல்லாத மீக்கடத்தியாக மாற வேண்டும், அறை வெப்பத்தின் அலைக்கழிப்பு கியூபிட்டைத் தொடக்கூடாது என்னும் இரு தேவைகளுக்காகச் சில்லு, தனிச்சுழியத்துக்கு மேல் ஒரு கெல்வினில் ஐம்பதில் ஒரு பங்குக்கும் குறைவான வெப்பநிலைக்குக் குளிர்விக்கப்பட்டது. விண்வெளியின் வெறுமையே இதைவிட நூறு மடங்குக்கு மேல் வெப்பமானது. நுண்ணலைத் துடிப்புகளே கியூபிட்டுகளுக்கு இடும் கட்டளை. ஒரு கியூபிட்டைத் திருப்பும் துடிப்பு 25 நானோவிநாடிதான் நீடிக்கும்.

கணக்கு ஒவ்வொன்றும் 20 சுற்றுகள் கொண்டது. சுற்று ஒவ்வொன்றிலும், ஒவ்வொரு கியூபிட்டின் மீதும் மூன்று செயல்களில் ஒன்று தற்போக்காகத் தேர்ந்து செலுத்தப்பட்டது. பின்னர் அண்டைக் கியூபிட்டுகள் இரண்டிரண்டாக வினைபுரிய விடப்பட்டன. செயல்கள் தற்போக்கானவை என்றாலும் ஒருமுறை தேர்ந்தெடுத்த பின் அப்பட்டியல் மாறாது. அதே பட்டியலைத்தான் சில்லு மீண்டும் மீண்டும் இயக்கியது. இறுதியில் 53 கியூபிட்டுகளையும் அளந்தால் 53 இலக்க வரிசை ஒன்று கிடைக்கும். இவ்வாறு பத்து லட்சம் முறை இயக்கிப் பத்து லட்சம் வரிசைகளைத் திரட்ட ஆன நேரம்தான் அந்த 200 விநாடிகள். அவ்வரிசைகளால் நடைமுறைப் பயன் எதுவும் இல்லை என்பதை ஆய்வாளர்கள் மறைக்கவில்லை.

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். சில்லு தந்த வரிசைகள் உண்மையாகவே அந்தக் குவாண்டம் கணக்கின் விளைவா, பொருளற்ற இரைச்சலா என்பதை எப்படி அறிவது? ஒரு தாயக்கட்டையின் பக்கங்கள் சமமாக இழைக்கப்படவில்லை என்றும், எந்தப் பக்கம் எவ்வளவு அடிக்கடி விழும் என்று முன்கூட்டியே தெரியும் என்றும் வைத்துக்கொள்ளலாம். ஒருவர் எண்களின் நீண்ட பட்டியல் ஒன்றைக் கொண்டுவந்து, அந்தக் கட்டையை உருட்டிப் பெற்றவை இவை என்கிறார். அவர் உருட்டியதை எவரும் பார்க்கவில்லை. ஆனாலும் அதிகம் விழவேண்டிய பக்கங்கள் பட்டியலில் அதிகம் வந்திருக்கின்றனவா என்று பார்த்தே அவர் சொல்வது மெய்யா என்று கணிக்கலாம்; மனம்போன போக்கில் எழுதிய பட்டியலாக இருந்தால் எல்லாப் பக்கமும் ஏறத்தாழச் சமமாக வந்திருக்கும். சைக்கமோரின் கட்டைக்கு 9,007 லட்சம் கோடி பக்கங்கள் என்பதால் பத்து லட்சம் முறை உருட்டினாலும் ஒரே பக்கம் இரண்டாம் முறை விழுவது அரிது. ஆகவே ஒவ்வொரு பக்கத்தையும் தனியே எண்ணிப் பயனில்லை. அதற்கு மாறாக, கிடைத்த ஒவ்வொரு வரிசைக்கும் கோட்பாட்டின்படி எவ்வளவு நிகழ்தகவு என்று கணக்கிட்டு அவற்றின் சராசரியை எடுத்தனர். குறுக்கீட்டு விளைவின் காரணமாகச் சில வரிசைகளுக்கு வாய்ப்பு மிகுந்தும் பலவற்றுக்குக் குறைந்தும் இருக்கும். பிழையே இல்லாத குவாண்டம் கணினி வாய்ப்பு மிகுந்தவற்றையே பெரிதும் தரும் என்பதால், அதன் சராசரி வெறும் ஊகத்தின் சராசரியைப்போல் இரு மடங்காக இருக்கும். வெறும் ஊகத்துக்குச் சுழியம், பிழையற்ற கணினிக்கு ஒன்று என்று அளவுகோலை அமைத்தால், உண்மையான சில்லு இரண்டுக்கும் இடையே எங்கோ நிற்கும்.

ஆனால் அந்த நிகழ்தகவுகளைக் கணக்கிட மரபுக் கணினிதானே வேண்டும்? இந்தச் சிக்கலை ஆய்வாளர்கள் கையாண்ட விதமே இச்சோதனையின் மிக நயமான பகுதி. குறைந்த கியூபிட்டுகளோடும் குறைந்த சுற்றுகளோடும் செய்த கணக்குகளில் மரபுக் கணினியால் முழு விடையையும் காண முடிந்தது. அங்கெல்லாம் நேரடியாகச் சரிபார்த்தனர். பின்னர் கணக்கின் அமைப்பை மாற்றினர். சில்லை நடுவில் இரண்டாகப் பிரித்து, இரு பாதிகளுக்கும் இடையிலான வினைகளை நீக்கிவிட்டால், ஒவ்வொரு பாதியையும் தனித்தனியே எளிதாகக் கணக்கிடலாம். அவ்வினைகளில் ஒரு சிலவற்றை மட்டும் நீக்கினால் கணக்கு கடினமாகும், ஆனால் செய்ய முடியும். முழுக் கணக்கையும் சரிபார்க்க முடிந்த இடங்களில் இந்த எளிதாக்கிய கணக்குகள் தந்த மதிப்பும் முழுக் கணக்கின் மதிப்பும் ஒத்துப்போயின. ஆகவே முழுக் கணக்கு எட்டாத தொலைவுக்குப் போனபோது, எளிதாக்கிய கணக்கின் மதிப்பை நம்பி மேலே சென்றனர்.

அந்த இறுதி மதிப்பு வியப்பூட்டும் அளவுக்குச் சிறியது: ஏறத்தாழ 0.002. அதாவது ஆயிரம் முறை இயக்கினால் இரண்டு முறை மட்டும் கணக்கு பிழையின்றி நடந்ததற்கு ஒப்பு, மற்றவை இரைச்சல். இவ்வளவு மெல்லிய குரலை அவ்வளவு பெரிய இரைச்சலிலிருந்து பிரித்தறியத்தான் பத்து வெவ்வேறு செயற்பட்டியல்களில் மொத்தம் 3 கோடி மாதிரிகளைத் திரட்டினர். இந்த மதிப்பு எதிர்பார்த்ததுதானா என்பதை வாசகர் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு கியூபிட்டின் மீதான செயல் தவறுவதற்கான வாய்ப்பு 0.16 விழுக்காடு, இரு கியூபிட் வினை தவறுவதற்கு 0.62 விழுக்காடு, ஒரு கியூபிட்டை அளக்கும்போது தவறுவதற்கு 3.8 விழுக்காடு. 20 சுற்றுகளில் முதல் வகை 1,113, இரண்டாம் வகை 430, மூன்றாம் வகை 53. முதல் வகைச் செயல்கள் அனைத்தும் தவறாமல் நடக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 17 விழுக்காடு, இரண்டாம் வகைக்கு 7, மூன்றாம் வகைக்கு 13. மூன்றையும் பெருக்கினால் வருவது 0.0015. தனித்தனி உறுப்புகளின் பிழைகளிலிருந்து கணித்த எண்ணும், முழுச் சில்லையும் இயக்கி அளந்த எண்ணும் இவ்வளவு அருகருகே நிற்கின்றன.

இச்சோதனையின் ஆழமான பயன் இந்தப் பொருத்தத்தில்தான் இருக்கிறது, வேகத்தில் அதற்கு இரண்டாம் இடமே. ஜெருசலேமின் கணித அறிஞர் கில் கலாய் போன்ற ஐயவாதிகள், கியூபிட்டுகள் பெருகும்போது பிழைகள் ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டு எந்தப் பெரிய குவாண்டம் கணக்கையும் குலைத்துவிடும் என்று பல ஆண்டுகளாக வாதிட்டு வந்தனர். அது மதிக்கத்தக்க வாதம். பொறியியல் குறையைச் சுட்டுவதோடு நில்லாமல் இயற்கையே ஒரு வரம்பு விதிக்கிறது என்று சொல்வது. 9,007 லட்சம் கோடி வீச்சுகள் ஈடுபடும் அளவிலும், பிழைகள் தனித்தனியே நிகழ்ந்து எளிய பெருக்கலுக்கு அடங்கின என்னும் முடிவு அவ்வாதத்துக்கு எதிரான வலுவான சான்று. ஐயம் முற்றிலும் தீர்ந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. கலாய் பின்னரும் அத்தரவுகளை நுணுகி ஆராய்ந்து வினாக்கள் எழுப்பினார்.

இரண்டாம் கேள்வியின் கதை வேறு. 10,000 ஆண்டுகள் என்பது, அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் இருந்த ‘சம்மிட்’ மீத்திறன் கணினியில் அன்று அறிந்திருந்த ஒரு வழிமுறை எவ்வளவு நேரம் எடுக்கும் என்று சிறிய கணக்குகளிலிருந்து நீட்டிக் கணித்த மதிப்பீடு. கட்டுரை அச்சேறுவதற்கு இரு நாள் முன்பே ஐ.பி.எம். ஆய்வாளர்கள் மறுப்பு வெளியிட்டனர். வீச்சுகளின் பட்டியல் முதன்மை நினைவகத்தில் அடங்காவிட்டாலும் சம்மிட்டின் 250 பெட்டாபைட் வட்டுகளில் அடங்கும் என்றும், அவற்றைப் பயன்படுத்தினால் இரண்டரை நாளில் கணக்கு முடியும் என்றும் அவர்கள் வாதிட்டனர். இதுவும் செய்துகாட்டாத மதிப்பீடுதான். ஆனால் அடுத்து வந்தவை செய்துகாட்டப்பட்டவை. சீன அறிவியல் கழகத்தின் பான் ஃபெங், சென் கேயாங், ஜாங் பான் ஆகியோர், வினைகளின் வலைப்பின்னலை எந்த வரிசையில் சுருக்கிக்கொண்டு போனால் வேலை குறையும் என்று கண்டறிந்தும், சில்லின் துல்லியமே 0.002தான் என்பதால் வலையின் சில இழைகளை அறுத்துவிட்டாலும் அதே அளவு துல்லியம் கிடைக்கும் என்பதைப் பயன்படுத்தியும், 512 வரைகலைச் செயலிகளைக் கொண்டு ஏறத்தாழ 15 மணி நேரத்தில் அக்கணக்கை முடித்தனர். 2021இல் சன்வே மீத்திறன் கணினியில் மற்றொரு சீனக் குழு, 304 விநாடிகளில் முடித்துக் கணினியியலின் உயர்ந்த விருதுகளுள் ஒன்றான கார்டன் பெல் பரிசைப் பெற்றது. 10,000 ஆண்டுகள் என்ற சுவர் இரண்டே ஆண்டுகளில் ஐந்து நிமிட அளவுக்கு இறங்கிவிட்டது. சைக்கமோரில் எதுவும் மாறவில்லை. மாறியது மனிதர் கண்ட வழி.

இதே போக்கு வேறிடங்களிலும் காணப்பட்டது. 2020 டிசம்பரில் ஹெஃபெய் நகரத்தில் பான் ஜியான்வெய், லு சாவோயாங் குழுவினர் ஒளித்துகள்களைக் கொண்டு ‘ஜியுஜாங்’ என்னும் கருவியால் மாதிரியெடுத்தலை நிகழ்த்தி, ஒரே ஓட்டத்தில் 76 ஒளித்துகள்கள் வரை கண்டறிந்தனர். கருவியில் ஒளித்துகள்கள் வழியிலேயே பெருமளவு இழக்கப்படுகின்றன என்னும் குறையைப் பயன்படுத்திக்கொள்ளும் மரபு நெறிமுறைகள் பின்னர் வந்தன. 2023 ஜூனில் ஐ.பி.எம். 127 கியூபிட் சில்லில் ஓர் இயற்பியல் மாதிரியைக் கணக்கிட்டு வெளியிட்ட முடிவைச் சில வாரங்களுக்குள் பல குழுக்கள் மரபுக் கணினிகளில் செய்துகாட்டின.

இவற்றுள் எல்லாம் மிகத் தெளிவான பாடம் தருவது எவின் டேங்கின் பணி. ஒருவர் விரும்பக்கூடிய திரைப்படங்களையோ பொருள்களையோ பரிந்துரைக்கும் கணக்கை மரபு வழிகளைவிடப் பன்மடங்கு விரைவாகச் செய்யும் குவாண்டம் நெறிமுறை ஒன்றை 2016இல் இயோர்டானிஸ் கெரெனிடிஸும் அனுபம் பிரகாஷும் வெளியிட்டிருந்தனர். குவாண்டம் கணினிக்கு அன்றாடப் பயன் உண்டு என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டாகப் பேசப்பட்டது. டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ஆரன்சனின் மாணவியாக இருந்த டேங்க், அதே வேலையை மரபுக் கணினியால் அவ்வளவு விரைவாகச் செய்யவே முடியாது என்று நிறுவும் பணியை ஏற்றார். அவ்விடைவெளி இருந்தே தீரும் என்றுதான் எல்லோரும் கருதினர். அதை நிறுவ முயன்றுகொண்டிருந்தபோது, குவாண்டம் நெறிமுறை பயன்படுத்திய அதே கருத்தை மரபு வழியில் மாதிரியெடுத்தலாக மாற்ற முடியும் என்பதை அவர் கண்டார். 2018இல், 18ஆம் வயதில், அத்தகைய மரபு நெறிமுறை ஒன்றை வெளியிட்டார். குவாண்டம் கணினிக்கே உரியது என்று எண்ணப்பட்ட ஆதாயம், மரபுக் கணினியிலும் அதுவரை கண்டுபிடிக்கப்படாமல் இருந்த ஒன்றாக மாறியது.

அப்படியானால் மரபுக் கணினியால் ஒருபோதும் முடியாது என்று எந்தக் கணக்கைப் பற்றியாவது நிறுவியிருக்கிறார்களா? நடைமுறையில் பொருள்படும் அளவில் எதைப் பற்றியும் இல்லை. குறிப்பிட்ட ஒரு கணக்கை ஒரு வழியில் செய்ய முடியும் என்று காட்ட அந்த வழியைச் சொன்னால் போதும். முடியாது என்று காட்ட இனி எவரும் எக்காலத்தும் கண்டறியக்கூடிய எல்லா வழிகளையும் விலக்க வேண்டும். குவாண்டம் கணினிகள் விரைவாகத் தீர்க்கும் கணக்குகளுள் ஒன்றையேனும் மரபுக் கணினிகளால் விரைவாகத் தீர்க்க முடியாது என்று எவரேனும் முழுமையாக நிறுவினால், விரைவாகத் தீர்க்கக்கூடிய கணக்குகளுக்கும் அளவான நினைவகத்தில், எவ்வளவு நேரமானாலும், தீர்க்கக்கூடிய கணக்குகளுக்கும் வேறுபாடு உண்டா என்னும் பல பத்தாண்டுப் பழைய சிக்கலும் அதனுடனேயே தீர்ந்துவிடும். கணினியியலின் கருவிகள் அதற்கே இன்னும் போதவில்லை. ஆதலால் கோட்பாட்டாளர்கள் தருவது நிபந்தனையோடு கூடிய நிறுவல்: இந்த மாதிரியெடுத்தலை மரபுக் கணினி எளிதாகச் செய்துவிட்டால், உண்மை என்று எல்லோரும் நம்பும் வேறு சில கணித எதிர்பார்ப்புகளும் சரிந்துவிழும் என்பது அதன் சாரம். அது சிறிய ஆறுதல் அன்று. ஆனாலும் அது பிழையற்ற, எல்லையின்றிப் பெருகும் கணினியைப் பற்றியது, 0.002 துல்லியமுள்ள, 53 கியூபிட் கொண்ட குறிப்பிட்ட ஒரு சில்லுக்கு அது காப்புறுதி தராது.

இதையெல்லாம் கொண்டு குவாண்டம் கணினியின் முந்துதல் வெறும் ஆரவாரம் என்று முடிவுகட்டுவதும் பிழை. இந்தப் போட்டியில் இரு தரப்பின் நிலையும் சமம் அன்று. மரபுக் கணினியாளர் ஒரு புதிய வழியைக் கண்டு ஆயிரம் மடங்கு ஆதாயம் பெற்றால், பத்துக் கியூபிட்டுகளைக் கூட்டியே எதிர்த்தரப்பு அந்த இடைவெளியை மீட்டுக்கொள்ளலாம். கூட்டிய கியூபிட்டுகளின் தரம் தாழாதிருக்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. ஆகவே உண்மையான போராட்டம் தரத்தில், அதாவது பிழையைக் கட்டுப்படுத்துவதில் நடக்கிறது. 2024 டிசம்பரில் கூகுள் அறிவித்த 105 கியூபிட் ‘வில்லோ’ சில்லைப் பற்றிய செய்திகளில், ஐந்து நிமிடத்துக்குள் முடித்த கணக்குக்கு மீத்திறன் கணினி 10க்குப் பின் 24 சுழியங்கள் கொண்ட எண்ணிக்கையில் ஆண்டுகள் எடுக்கும் என்ற வரியே எங்கும் எடுத்தாளப்பட்டது. முன்சொன்ன வரலாற்றை அறிந்தவர் அந்த எண்ணை, இன்று அறிந்த வழிகளைக் கொண்டு செய்த மதிப்பீடு என்ற அளவில் மட்டும் ஏற்பார். அதே சில்லு செய்த மற்றொன்று அதைவிட எவ்வளவோ முதன்மையானது.

குவாண்டம் பிழைதிருத்தம் என்பது ஒரு கியூபிட்டின் தகவலைப் பல கியூபிட்டுகளில் பரப்பிவைத்து, தகவலைத் தொடாமலே அண்டைக் கியூபிட்டுகளுக்கு இடையிலான ஒப்புமையை மட்டும் அளந்து, எங்கே பிழை நேர்ந்தது என்று கண்டுபிடிக்கும் முறை. இதற்கும் வித்திட்டவர்களுள் பீட்டர் ஷோர் ஒருவர். கியூபிட்டுகளைக் கூட்டினால் காவலும் கூடும், பிழை நேரும் இடங்களும் கூடும். தனி உறுப்புகளின் பிழை ஒரு வரம்புக்குக் கீழே இருந்தால் மட்டுமே காவல் வெல்லும். தகவலைச் சுமக்கும் கியூபிட்டுகளை 3க்கு 3, 5க்கு 5, 7க்கு 7 என்னும் கட்டங்களில் அமைத்து வில்லோ இதைச் சோதித்தது. கட்டம் ஒவ்வொரு படி பெரிதானபோதும் பிழை 2.14 மடங்கு குறைந்தது. மிகப் பெரிய கட்டத்தில் சுற்று ஒன்றுக்கு 0.143 விழுக்காடாக நின்றது. பெரிதாக்கப் பெரிதாக்கப் பிழை குறையும் நிலைக்கு ஒரு சில்லு வந்துவிட்டது என்பதை எந்த மீத்திறன் கணினியோடும் ஒப்பிடாமலே, அதன் சொந்த அளவீடுகளைக் கொண்டே சரிபார்க்கலாம். நாளை யாரோ ஒருவர் கண்டறியும் நெறிமுறையால் இம்முடிவு பொய்த்துப்போகாது.

சரிபார்க்கும் சிக்கலும் மெல்ல மாறிவருகிறது. 2025 அக்டோபரில் கூகுள் வில்லோவைக் கொண்டு வெளியிட்ட ஒரு சோதனையில், தற்போக்கு வரிசைகளுக்குப் பதிலாக ஓர் இயற்பியல் அளவின் மதிப்பே விடையாக வந்தது. அறியப்பட்ட மரபு வழியைவிட 13,000 மடங்கு விரைவு என்று அவர்கள் மதிப்பிட்டனர். மதிப்பீட்டைப் பற்றி முன்சொன்ன எச்சரிக்கை இதற்கும் பொருந்தும். ஆனால் தர வேண்டிய விடை ஓர் எண் என்பதால், வேறொரு குவாண்டம் கணினி அதே கணக்கைச் செய்து ஒத்துப்பார்க்க முடியும். தற்போக்கு மாதிரிகளில் அதற்கு இடமில்லை.

இவ்வகையில் எல்லாவற்றிலும் உறுதியான சோதனை ஷோரின் நெறிமுறைதான். 2,048 பிட் நீளமுள்ள எண்ணின் இரு பகாக் காரணிகளை ஒரு குவாண்டம் கணினி தந்தால், அவற்றைப் பெருக்கிப் பார்க்க ஒரு சாதாரணக் கைப்பேசிக்கு நொடிப்பொழுது போதும். விடை சரியா என்பதில் எந்தப் புள்ளியியலுக்கும் வேலை இராது. அன்றும்கூட மரபுக் கணினியால் அதைச் செய்ய முடியாது என்பது நிறுவப்பட்டதாக ஆகாது. பல தலைமுறைக் கணித அறிஞர்கள் முயன்றும் வழி காணவில்லை என்பதே அதற்கான சான்றாகத் தொடரும். அந்த நாளுக்கு எவ்வளவு தொலைவு என்பதில் மதிப்பீடுகள் இறங்கிவருகின்றன. பிழையுள்ள 2 கோடி கியூபிட்டுகளும் 8 மணி நேரமும் வேண்டும் என்று 2019இல் கிரெய்க் கிட்னியும் மார்ட்டின் எக்கெராவும் கணக்கிட்டனர்; 10 லட்சத்துக்கும் குறைவான கியூபிட்டுகளைக் கொண்டு ஒரு வாரத்துக்குள் முடியும் என்று 2025 மே மாதம் கிட்னி காட்டினார். வில்லோவில் இருப்பவை 105. இவ்விரு எண்களுக்கும் இடையிலான தொலைவு கடக்கப்படும்வரை காத்திராமல், பெரிய எண்களின் பகாக் காரணிகளைக் காண்பது கடினம் என்பதையே நம்பி இன்று மறையாக்கம் செய்து அனுப்பப்படும் தகவல்களைத் திரட்டிவைத்துப் பின்னாளில் திறக்க எவரும் முயலலாம் என்பதால், அமெரிக்கத் தர நிறுவனமான ‘நிஸ்ட்’ குவாண்டம் கணினிக்கும் ஈடுகொடுக்கக்கூடிய மூன்று மறையாக்கத் தரங்களை 2024 ஆகஸ்டில் வெளியிட்டது. அவற்றின் பாதுகாப்பும், குவாண்டம் கணினியால் அவற்றை விரைவாக உடைக்கும் வழியை இதுவரை எவரும் காணவில்லை என்பதன் மேல்தான் நிற்கிறது.